வினா ஏழு: படம் குறித்தல்

பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறும்போது
முப்பது விடைத்தாள் முடிந்திருந்தது.
தரம் ஒன்பது, இரண்டாம் தவணை.
ஒவ்வொரு பள்ளத்திலும் என் சிவப்புச் சரிக்குறி
தூண்டில்போல் வளைந்தது.
இரு பக்கமும் முழங்காலளவு கடல்.
சிறகுவலைக் கம்புகளில் நீர்க்காகங்கள்
கூட்டம் கூடி, தீர்மானம் ஒன்றும் இல்லாமல்
கலைந்தன.

சட்டத்துறை, நிர்வாகத்துறை, நீதித்துறை.
முப்பது பேரும் அதே வரிசையில்,
மூச்சுவிடாமல், வாய்ப்பாடுபோல.
முப்பத்தோராவது, இ. யதுர்ஷிகா:
'ஒண்டு சட்டம் போடுறது.
ஒண்டு அதைச் செய்விக்கிறது.
ஒண்டு, பிழையெண்டால், ஏனெண்டு கேக்கிறது.'
பேச்சு வழக்கு. அரைப்புள்ளி வெட்டினேன்.
வெட்டிய இடத்தில் மை கொஞ்சம் ஊறியது.

குடாநாட்டின் பிரதான நீர்வளம் யாது?
நிலக்கீழ் நீர் என்கிறது புள்ளித்திட்டம்.
சுண்ணக்கல் என்று ஒரு சொல் சேர்ந்தால்
மேலும் ஒரு புள்ளி.
அவள் எழுதியது: பவுசர்.
கீழே, கேட்காமலே,
'செவ்வாய், சனி. பிரதேச சபை.
ஒரு வீட்டுக்கு ஆறு கான்.
சனி வராட்டி ஏனெண்டு ஆரும் சொல்லாயினம்.'
உள்ளூராட்சி பற்றிய வினா
அடுத்த பக்கத்தில்தான் இருந்தது.
அதற்கு அவள் விடை: 'மேலே பார்க்க.'

பக்கத்து இருக்கையில் குகநேசன் சேர் கண்விழித்து
தாளை எட்டிப் பார்த்தார்.
'திட்டத்தில இல்லாததுக்குப் புள்ளி போடாதேங்கோ ரீச்சர்.
பிறகு எல்லாரும் உண்மையை எழுதத் தொடங்கிவிடுவினம்.'
சிரித்துக்கொண்டே
மறுபடி தலையைக் கம்பியில் சாய்த்தார்.

ஒல்லாந்தர் செய்தவற்றில் இரண்டு தருக.
'தோம்பு. ஆற்ற காணி எதெண்டு எழுதி வைச்சது.
நாங்கள் இன்னும் எங்கட உறுதியைத் தேடுறம்.
மற்றது, தீவுகளுக்குத் தங்கட ஊர்களின்ர பேர் வைச்சது.'
இரண்டுக்கும் சரி போட்டேன்.
நடுவில் இருந்த வரிக்குத்
திட்டத்தில் இடமில்லை.

பிறகு வினா ஏழு. படம்.
மகாவலி, புத்தளம் உப்பு, எப்பாவல பொஸ்பேற்று,
புல்மோட்டை இல்மனைற்று, இரத்தினபுரி மாணிக்கம்.
ஐந்தும் சரியான இடத்தில்.
அதோடு, வடக்கே, வெறுங்கடலில்,
நீலப்பேனையால் அழுத்திய ஒரு புள்ளி.
தாளின் மறுபக்கமும் தடித்து நின்றது.
ஒரு அம்புக்குறி:
'நான் இருக்கிறது இதில.
படத்தில காணேல்லை.'

அந்தப் படம் நான் செய்தது.
ஆடி மாதம், ஆஸ்பத்திரி வீதிப் போட்டோக்கொப்பிக் கடை,
கரண்ட் வருவதும் போவதுமாய் இருந்த மத்தியானம்.
குடாநாட்டுக்கு மேற்கே ஏழெட்டுப் பொட்டு.
கண்ணாடியில் தூசு என்று நினைத்தேன்.
ரிப்பெக்ஸ் வாங்கி
ஒவ்வொன்றாகப் பூசினேன், ஊதி ஊதிக் காயவைத்தேன்.
கடைப்பெடியன்கூடச் சொன்னான்,
'இப்பதான் ரீச்சர் வடிவாக் கிடக்கு.'
ஆயிரத்து இருநூறு பிரதி.
வலயம் முழுக்கப் போனது.

நினைத்துப் பார்க்கிறேன்:
கோட்டை கட்டியவன்கூட
வரைந்துவிட்டுத்தான் பெயரை மாற்றினான்.
எனக்கு இந்தப் பாடம் பதினேழு வருடம்.
தினமும் இதே வழியில்,
இதே கடலைக் கடந்து, இதே தீவுக்கு.

மண்கும்பானில் ஒரு பவுசர் எதிர்ப்பட்டது,
வெறுமையாய், மூடி தட்டத் தட்ட.
இன்றைக்குச் செவ்வாய்.
வினா இரண்டுக்குத் திரும்பிப் போய்
வெட்டிய அரையைத் திருப்பிக் கொடுத்தேன்.
பவுசருக்கும் ஒன்று.
வினா ஏழில், ஐந்துக்கு ஆறு.
கூட்டல் பிழை என்று வலயம் கேட்கட்டும்.
கேட்பதற்கும் ஒரு துறை இருக்கிறதாம்,
அவள் எழுதியிருக்கிறாள்.

வாணர் பாலம் தாண்டி
'இறுப்பிட்டி, இறுப்பிட்டி' என்று கொண்டக்டர் கத்த,
பஸ் ஒரு பக்கம் சரிந்து நின்றது.
அரிசிப்பை, சைக்கிள் ரயர், கைக்குழந்தை,
சந்தையில் வாங்கிய இரண்டு வெறுங்கான்.
நான் வெள்ளை பூசிய இடத்தில்
பதினான்கு பேர் இறங்கினார்கள்.