பெட்டியில் என்ன குறை

ஹாலே நகரத்தில் ட்ராம் திரும்பும் வளைவுக்குப் பின்னால்
சனிக்கிழமைதோறும் பழைய பொருள் சந்தை.
நான் போனது பிப்ரவரியில்.
கையுறைக்குள் ஒரு சீட்டு:
பார்சல் கிடங்கின் ரசீதைத் திருப்பி
ஜெர்மன் வாக்கியங்களை
ஜார்ஜிய எழுத்தில் எழுதியிருந்தேன்,
நாக்கு வழி தவறாதிருக்க.

முதலாவது, என்ன விலை.
இது முன்பே தெரியும்.
பிறநாட்டுக்கு வந்தவன் வாயில்
முதலில் முளைக்கும் பல் இதுதான்.

அடுத்தது, எத்தனை பேர் ஆடலாம்.
நான்கு என்று பதில் வந்தால் நல்லது.
ஒரே அடுக்களையில் நாங்கள் நான்கு பேர்.
பல்கேரியாவின் பிளாமென்,
எரித்ரியாவின் ஃபில்மோன்,
தூக்கத்தில் மட்டும் பேசும் மால்டோவாக்காரன்,
பிறகு நான்.
இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து
உப்பு ஜாடியை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளுவோம்.
எங்கள் உரையாடல் அவ்வளவே.

ஆகவே மூன்றாவது வாக்கியத்தை நானே கட்டினேன்:
"அதிகம் ஜெர்மன் இல்லாமல் இதை ஆட முடியுமா?"
இதைக் கேட்கத்தான்
அதிகம் ஜெர்மன் தேவைப்பட்டது.

நான்காவது மிகவும் முக்கியம் என்றான்
முன்பு ஏமாந்த பிளாமென்.
"வாஸ் ஃபேல்ட்?"
என்ன குறைகிறது?
பெட்டியைத் திறக்குமுன் கேட்க வேண்டும்.

மடக்கு மேசைக்குப் பின்னால் ரோஸ்விதா.
பெயரைக் காப்பிக் குடுவையில் பெயின்டால் எழுதியிருந்தாள்.
பெட்டியின் மேல் ஆறு, பாலம், மூன்று படகுகள்.
ஓரத்தில் ஓர் அட்டை: "கெப்ரௌஹ்ட்".
பிறர் கை பட்டது என்று பொருள்.
தேவைப்பட்டது என்றும் பொருள்.
எந்தப் பொருளில் விற்கிறாள் என்று
கேட்க வாக்கியம் இல்லை என்னிடம்.

குளிரில் சீட்டு நழுவிப் பனிச்சேற்றில் விழுந்தது.
மனப்பாடத்தை நம்பி வாய் திறந்தேன்.
போன மாதம் முதுகுவலிக்குப் போனபோது
மருத்துவர் கேட்ட கேள்வி
அதே வாசலில் முந்திக்கொண்டு நின்றிருக்கிறது.
"வாஸ் ஃபேல்ட் ஈனென்?"
ஒரே ஒரு சொல் கூடுதல்.
நான்காம் வேற்றுமை.

உங்களுக்கு என்ன குறை?

குடுவை மூடியைத் திருகி முடித்தாள்.
என் முகத்தில் கேலி இருக்கிறதா என்று பார்த்தாள்.
"முழங்கால்," என்றாள். "வலது."
பின்னால் ட்ராம் ஒன்று வளைவில் கீச்சிட்டுப் போகும்வரை
பொறுத்திருந்தாள்.
"அப்புறம், நாலாவது ஆள்.
ஹனோவருக்குக் குடிபோய்விட்டாள் இலையுதிர் காலத்தில்.
மூன்று பேராக ஆடினால் இந்த ஆட்டம் நொண்டும்."

எனக்கு இதில் பாதிதான் அப்போது புரிந்தது.
மீதியை வீட்டில் அகராதி சொன்னது.

அவளே பெட்டியைத் திறந்து எண்ணிக் காட்டினாள்.
படகுகள் சரி. சீட்டுகள் சரி.
"வுர்ஃபெல் ஒன்று இல்லை."
வுர்ஃபெல் என்றால்?
காப்பித் தட்டிலிருந்து சர்க்கரைக் கட்டி ஒன்றை எடுத்தாள்,
பேனாவால் ஆறு முகத்திலும் புள்ளி வைத்தாள்.
பகடைக்கும் சர்க்கரைக் கட்டிக்கும்
அவர்கள் ஊரில் ஒரே சொல்லாம்.
ஆறு யூரோ கேட்டவள் ஐந்து வாங்கிக்கொண்டாள்.

இரண்டு ஞாயிறு ஆடினோம்.
ஃபில்மோன் படகுகளை அடுக்களை ஈரத்தில் நிஜமாகவே ஓட்டிப்பார்த்தான்.
பகடையின் மூலைகள் உருண்டு உருண்டு மழுங்கின;
மேசையெங்கும் வெள்ளைத் தூள், எறும்பு இரண்டு.
மூன்றாம் ஞாயிறு விடியற்காலை,
தூக்கக் கலக்கத்தில் பிளாமென்
பகடையைத் தேநீரில் போட்டுக் கலக்கிவிட்டான்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மால்டோவாக்காரன் கோப்பைக்குள் எட்டிப்பார்த்தான்.
"ஃபேல்ட்," என்றான்,
முழுசாக விழித்திருந்து.
நாற்காலி சாயும்படி சிரித்தோம்.
பிளாமென் ஒரு மடக்கு குடித்துவிட்டு
மூன்று விரல் காட்டினான்:
தனக்கு மூன்று விழுந்ததாம்.

வரும் சனிக்கிழமைக்கு
புது ரசீதில் புது வாக்கியம் எழுதுகிறேன்.
பகடை மட்டும் தனியாகக் கிடைக்குமா?
அதன் கீழே இன்னொன்று,
இதை யாரும் கற்றுத்தரவில்லை,
சொல் சொல்லாகத் தேடிச் சேர்த்தேன்:
முழங்காலுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

இதற்கும் நான்காம் வேற்றுமைதான்.