இடது இறக்கையில் ஒரு கட்டை கூடுதல்

மலைச்சாலையின் தடுப்புக் கம்பி இறங்கிவிட்டால்
காற்று தணியும்வரை எனக்கு வேலையில்லை.
பனி வாரும் லாரி நின்ற இடத்திலேயே உறுமும்.
பின்னால் பதினோரு கார்கள், ஒரு மீன் வண்டி,
ஏதோ ஒரு கண்ணாடிக்குள் வாய் மட்டும் தெரிய
அழும் குழந்தை.
வார்டோவில் நவம்பர் கடைசி.
சூரியன் சொல்லிக்கொள்ளாமல் போய் நான்கு நாள்.

மடிக்கணினியை ஸ்டீயரிங்மேல் சாய்த்து
நான் விமானம் கட்டுகிறேன்.

கட்டைமேல் கட்டை.
எஞ்சின் இரண்டு, வால் ஒன்று.
எடையின் மையம் ஒரு சிவப்புப் புள்ளி,
தூக்கும் விசையின் மையம் ஒரு நீலப் புள்ளி.
சிவப்பு கொஞ்சம் முன்னே இருக்க வேண்டும்.
மாறினால், மூக்கை நிமிர்த்திக்கொண்டு
கரணமடித்துக் கடலில் விழும்.
ஆறு விமானங்கள் அப்படித்தான் போயின.
அந்தக் கடலுக்கு அலை எழுப்பக்கூடத் தெரியாது,
விழுங்க மட்டும் தெரியும்.

ஏழாவது பறந்தது.
வலப்பக்கம் சற்றுச் சாய்ந்தபடி, ஆனாலும் பறந்தது.
பெயர் வைக்க வராது எனக்கு. 'ஏழு' என்றே விட்டேன்.
'எல்லோருக்கும்' என்றொரு பொத்தான் உண்டு,
அழுத்தினேன்.
தடுப்பு உயர்ந்தது.
பதினோரு காரையும் கூட்டிக்கொண்டு மலையேறினேன்.

முதல் வாரத்தில் மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள்.
பாவ்லதாரிலிருந்து ஷோல்பான் எழுதினாள்
(பகலெல்லாம் பிறர் வாய்க்குள் விளக்குப் பிடிப்பவள்):
'தூருன், உன் இடது இறக்கையை எண்ணிப் பார்.'
எண்ணினேன்.
இடப்பக்கம் பதினான்கு.
வலப்பக்கம் பதின்மூன்று.
சாய்வுக்குக் காரணம் காற்று என்றல்லவா இருந்தேன்!
அந்த விளையாட்டில் காற்றே கிடையாது.

அவள் வெட்டவில்லை.
நீண்ட நுனியில் ஈயக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டாள்,
நிமிர்ந்தது.
மோந்தெவீதியோவின் எவரிஸ்தோ
அந்த ஈயத்தைக் கழற்றி எறிந்தான்:
'சாய்ந்தால் தானே சுற்றும்!
எரிமலைக்கு மேலே விட்டுவிட்டுக்
கையெடுத்து மாத்தே குடிக்கிறேன்,
ஒரு குவளை தீர்வதற்குள் ஆறு சுற்று.'
பிறகு யாரோ மஞ்சள் பூசினார்கள்.
யாரோ இறக்கையை இரண்டடுக்காக்கினார்கள்.
ஒருவர், ஏனோ, வயிற்றில் குளியல்தொட்டி வைத்தார்.
அறுநூறைத் தாண்டியது என் ஏழின் வம்சம்.
இரண்டடுக்கிலும் பதினான்கு, பதின்மூன்று;
குளியல்தொட்டிக்கு மேலும் அதே கணக்கு.

வெட்கம் விடவில்லை.
ஓர் இரவெல்லாம் உட்கார்ந்து பிழை நீக்கி,
கோடு கிழித்ததுபோல் நேரே பறக்கும்
'எட்டு' ஒன்றைப் போட்டேன்.
எடுத்தவர்கள் இரண்டு பேர்.
அதில் ஒருத்தி நான்,
சரியாக இறங்குகிறதா என்று பார்க்க.

சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து பறந்தோம்.
நாற்பது விமானங்கள்.
முன்னே போக யாருக்கும் மனமில்லை,
'ஏழு போகட்டும்' என்றார்கள்.
போனேன்.
திரும்பிப் பார்த்தால் நாற்பதும்
அடுத்த அறைப் பேச்சை ஒட்டுக் கேட்பதுபோல்
ஒரே பக்கம் தலை சாய்த்து வருகின்றன.

அப்போது ரேடியோ கரகரத்தது:
காற்று தணிந்தது, தூருன். தடுப்பைத் தூக்குகிறோம்.

மூடியிருக்கலாம்.
மூடாமல் பக்கத்து இருக்கையில் வைத்து
மடிக்கணினிக்கு பெல்ட் போட்டேன்.
ஏழு தானாக வட்டமிடத் தொடங்கியது,
பின்னால் வந்தவையும் ஒவ்வொன்றாய்.

கண்ணாடியில் ஒன்பது கார்களின் வெளிச்சம்.
முன்னே வெள்ளையைத் தவிர எதுவுமில்லை.
பனி வாரும் அலகு வண்டியை வலப்பக்கம் இழுக்கும்;
இருபது வருடமாக என் கை
ஸ்டீயரிங்கை இடப்பக்கம்
கொஞ்சம் கூடுதலாகத்தான் பிடிக்கிறது.

மூன்றாவது வளைவில் சிக்னல் போய்விடும்.
அதுவரை சுற்றட்டும்.