பதினான்காம் எண் பனியன்

ஹார்லண்ட் கல்லூரி விளையாட்டுக் கூடத்தின் அடித்தளத்தில்
இரண்டு சலவை இயந்திரங்கள், ஒரு உலர்த்தி, நான்.
மேலே ஆட்டம் நடக்கும்போது
கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும்.
உதிர்கிற அளவை வைத்து
யார் முன்னிலை என்று சொல்லிவிடுவேன்.

போன வருடம் என் மேசையைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை.
ஆறு வெற்றி, இருபத்தொரு தோல்வி.
தோற்ற இரவுகளில் பையன்களுக்கு
எங்கிருந்தோ மரியாதை வந்துவிடும்.
பனியனை மடித்து என் தள்ளுவண்டியில் வைத்து
"நன்றி, மிஸ்டர் ஷெவ்ரியர்" என்பார்கள்.
ஒரு முழுக் குளிர்காலம்
அந்த மரியாதையால் நொந்துபோனேன்.

இந்த நவம்பரில்
மினசோட்டாக்காரர்களை ஒன்பது புள்ளியில் வென்ற இரவு
ப்ராட்நாக்ஸ் கதவருகே நின்று
பனியனைச் சுருட்டி எறிந்தான்.
வண்டியில் விழவில்லை. குழாயில் தொங்கியது.
அவன் பின்னால் எல்லோரும் எறிந்தார்கள், ஒருவனைத் தவிர.
களத்தில் இரண்டுக்கு ஒன்று கூடையில் போடுகிற அணி
என் வண்டிக்குள் போட்டது மூன்றே மூன்று.

அன்றிலிருந்து பொறுக்கினேன்.
சுப்பீரியர் ஏரி கரையோரம் உறைந்தது, பொறுக்கினேன்.
பஸ் பனியில் சிக்கி
விடிகாலை நான்கு மணிக்கு வந்து சேர்ந்தபோதும்
தூக்கக் கலக்கத்தில் எறிந்துவிட்டுத்தான் படுக்கப் போனார்கள்.
காகித ஆலை மூடியதிலிருந்து
ஆறு மணிக்கே விளக்கணைக்கும் ஊர் இது.
பிப்ரவரியில் ஹார்டுவேர் கடைக் கதவில் ஓர் அட்டை:
"ஆட்டத்துக்குப் போயிருக்கிறோம்,
ஆணி நாளைக்கு."

கறையை வைத்தே ஆளைச் சொல்வேன்.
மூன்றாம் எண், ஃப்ரீ த்ரோவுக்கு முன்
கழுத்துப் பட்டையைக் கடிப்பான்.
இருபத்திரண்டு, ஆரஞ்சு பானத்தில் பாதியை
மார்புக்குக் கொடுப்பான்.
ப்ராட்நாக்ஸின் இடது தோளில்
எப்போதும் எவனோ ஒருவனின் நகம்.

பதினான்கு, ஆன்சல் மாக்கி.
அது உலர்ந்தே வரும்.
போன சலவையின் மடிப்புக்கூடக் கலைந்திருக்காது.
வென்ற இரவுகளிலும் அவன் எறிவதில்லை.
வைப்பான். நன்றி சொல்வான்.
ஜனவரியில் அதைத் துவைப்பதை நிறுத்திவிட்டேன்.
வண்டியிலிருந்து நேராக அலமாரிக்கு.
சோப்பு மிச்சம் என்று சொல்லிக்கொண்டேன்,
கேட்க யாருமில்லாத அறையில்.

மார்ச். இறுதிப் போட்டி, எங்கள் கூடத்தில்.
இருபத்தாறு வெற்றியோடு நிற்கிறோம்.
மூன்று நிமிடம் இருக்கையில்
ப்ராட்நாக்ஸுக்கு ஐந்தாவது ஃபவுல் என்று
படிக்கட்டில் நின்ற பையன் கீழே கத்தினான்.
சுண்ணாம்பு நின்றது.
இரண்டாயிரம் பேர் மூச்சைப் பிடித்தால்
கூரை எப்படி இருக்கும் என்று
அன்றுதான் கேட்டேன்.

பிறகு என் தலைக்கு நேர் மேலே
ஒரு உடம்பு விழுந்தது.
முழு உடம்பு, முதுகில், கொஞ்சம் வழுக்கிக்கொண்டே.
விசில்.
யாருக்குச் சாதகம் என்று தெரியாத ஒரு நொடி.
அப்புறம் சுண்ணாம்பெல்லாம் இறங்கியது,
தலையில், உலர்த்தியில், என் காப்பியில்.

ஸ்கோர் தாளைப் பின்னால் பார்த்தேன்.
ஒரு புள்ளியில் வென்றிருந்தோம்.
மாக்கி: மூன்று நிமிடம்.
புள்ளி பூஜ்யம், ரீபவுண்ட் பூஜ்யம்,
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
பாய்ந்து வருகிறவன் வழியில் போய்
கால் அசையாமல் நின்றதற்கு
அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

பனியனில் இருந்தது.
முதுகு முழுக்கத் தரையின் மெழுகு,
குறுக்கே ஷூ இழுத்த கறுப்புக் கோடு.
அதை அவன் கதவருகே நின்று எறிந்தான்.
வண்டியைத் தாண்டிச் சோப்பு வாளிக்குள் விழுந்தது.
நன்றி சொல்ல மறந்து
படியேறி ஓடினான்.

ஜனவரியிலிருந்து அவனுக்குப் பாக்கி வைத்த சோப்பை
ஒரே தவணையில் போட்டேன்.
நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து
என் செருப்பு வரை நனைத்தது.