பறிமுதல் எண் 41

எழுபத்திரண்டு, பங்குனி.
இராமேஸ்வரம் சுங்கக் கொட்டகையில்
எனக்கு இருபத்தாறு வயதும்
மை கசியும் ஒரு பேனாவும்.

அக்கரையிலிருந்து வந்த கப்பலில்
தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இறங்கினார்கள்.
தகரப்பெட்டி, அம்மிக்குழவி, கூடைக்குள் ஒரு சேவல்.
உன் நாடு இதுதான் என்று யாரோ எழுதிக்கொடுத்த தாளை
நனையாமல் சுற்றி மார்போடு வைத்திருந்தார்கள்.

அதே கப்பலில் ஏறிப் போக
வெறுங்காலோடு காத்து நின்றார்கள் மற்றவர்கள்.
செம்பட்டைச் சடை, கழுத்தில் உருத்திராட்சம்,
நாடே வேண்டாமென்று வீட்டைவிட்டுக் கிளம்பியவர்கள்.

இரண்டு வரிசைக்கும் என்னிடம் ஒரே முத்திரை.
ஒரே குத்து.

அவன் பெயர் யோஸ்ட். ஊர் ராட்டர்டாம்.
தொழில் என்ற கட்டத்தில் ஒரு மீனை வரைந்திருந்தான்.
பையைக் கவிழ்த்தேன்.
புல்லாங்குழல், கோபால் பல்பொடி, வயிற்று மாத்திரை,
பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு.
நோட்டின் நடுவே
நகத்தளவில் மூன்று தாள் துண்டுகள்.
இது என்ன என்றேன்.
ஜன்னல் என்றான்.

காற்று பலமென்று அன்று கப்பல் போகவில்லை.
சட்டப்படி நான் செய்யவேண்டியது வேறு.
சீனி அசனைக் கூட்டிக்கொண்டு
மீன் லாரியில் தனுஷ்கோடி போனேன்,
ஜன்னல்காரனோடு.

புயல் தின்று ஏழு வருடம் ஆகியிருந்தது.
கூரை இல்லாத மாதா கோயிலுக்குள்
ஆளுக்கொன்றை நாக்கில் வைத்து உட்கார்ந்தோம்.
ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.
ஏமாந்துட்டோம்டா என்று அசன் பீடி பற்றவைத்தான்.
தீக்குச்சி அணையவே இல்லை.
பவளக்கல் சுவர் மூச்சு வாங்கியது.
மணலுக்கடியில் தண்டவாளம் நெளிந்து நீந்தியது.
கடல் பச்சையாய் எரிந்தது,
கையை விட்டால் கையும் எரிந்தது,
வலியில்லாமல்.

அப்புறம் ஒரு ரயில் போனது, தண்ணீருக்குள்,
ஜன்னல்களில் விளக்கோடு.
உள்ளே இருந்தவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

இதை நான் அசனிடம் சொன்னதில்லை.
அவனும் எதையோ சொல்லாமல்தான் போய்ச்சேர்ந்தான்.
விடியும்வரை சிரித்தேன் என்பது என் ஞாபகம்.

மறுநாள் கப்பலேறியபோது
நோட்டை என் மேசையிலேயே விட்டுப் போனான்.
மறந்தானா, கொடுத்தானா?
பதிவேட்டில் அதற்கெல்லாம் கட்டமில்லை.
பறிமுதல் எண் 41 என்று எழுதிக்கொண்டேன்.

நானும் அசனும் ஒரு பத்திரிகை நடத்தினோம்.
பெயர் உப்புத்தாள்.
சர்க்கார் ஸ்டென்சில், சர்க்கார் மை, அறுபது பிரதி.
எனக்கு டச்சு தெரியாது.
ஆனால் குட்டைக் குட்டை வரிகள்,
வலப்பக்கம் முழுக்க வெறுமை.
கவிதைக்கு வேறென்ன அடையாளம்?
எழுத்தின் சாய்வைப் பார்த்துப் பார்த்தே
பதினொன்றைத் தமிழாக்கினேன்.
'நிலவின் முதுகில் உப்பு விளைகிறது.'
'என் எலும்புக்குள் ஏழு நிறத்தில் குதிரைகள்.'
மூலத்தின் சூடு ஆறாமல் இருக்கிறதென்று
மதுரையிலிருந்து ஒருவர் கார்டு போட்டிருந்தார்.

போன மாதம்,
கண் ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருக்க,
பக்கத்து வீட்டு ரெஜினா
செல்போனை அந்த நோட்டின்மேல் பிடித்தாள்.
அது கரகரவென்று வாசித்தது:

வாழைப்பழம் நான்கு, இருபது பைசா.
மண்ணெண்ணெய், அரைப் புட்டி.
செருப்பு தொலைந்தது. புதிது வாங்கவில்லை.
வயிற்றுப்போக்கு, மூன்றாம் நாள்.
வாழைப்பழம் இரண்டு.
அம்மாவுக்குத் தபால்தலை. ஒட்டவில்லை.

ரெஜினா சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சாய்ந்தாள்.
நான் குதிரைகளை நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பக்கம்:
சுங்க அதிகாரி. லஞ்சம் கேட்கவில்லை.
இரவு முழுக்கக் கடலுக்குள் கையை விட்டு
ஒருவரைக் கூப்பிட்டு அழுதார்.
அடுத்து ஒரு பெயர்.
காதால் கேட்டதை அவன் எழுத்தில் எழுதியிருக்கிறான்.
செல்போனுக்கு அது வாசிக்க வரவில்லை.
எனக்கு வந்தது.

பங்குனியில் சில ராத்திரி
கடல் தானாகவே இப்படித்தான் மினுங்கும்,
அதுக்குத் தாளெல்லாம் எதுக்கு என்கிறான்
ரெஜினாவின் அப்பன் அந்தோணிப்பிச்சை.
நாற்பது வருடமாக ராத்தொழிலுக்குப் போகிறவன்.
இருக்கலாம்.

ரயிலைப் பற்றி அவனிடம் கேட்கவில்லை.