முட்டத்தில் ரிவ்கா

கணவாயைத் தொடவில்லை அவள்.
செதில் இல்லையாம், விலக்காம்.
கலங்கரைப் பாறையில் எங்களுக்கு நடுவே
அவித்த மரச்சீனி மட்டும் ஆறிக்கொண்டிருந்தது.

கீழே கோயில் முற்றத்தில்
குடிலுக்கு வைக்கோல் இறங்கியது.
‘யாருக்கு?’
‘மெசியாவுக்கு. வந்துவிட்டாரே.’

அவள் கடலைப் பார்த்தாள்.
தூரத்தில் சாம்பல் நிறப் போர்க்கப்பல்.
‘வாள் எதுவும் கொழுவாகவில்லையே,
வந்த பிறகுமா?’

உறுதிபூசுதலுக்குப் படித்ததெல்லாம் சொன்னேன்:
பாவம், சிலுவை, மூன்றாம் நாள்,
மீண்டும் வருவார்.
‘மீண்டும்’ என்றதும் சிரித்தாள், கேலியாக அல்ல.

‘எங்களுக்கு அவர் கடவுள் இல்லை. மனிதர், அரசர்.
வேலை முடியுமுன் இறந்துபோனால்
அவர் இவரில்லை, அவ்வளவுதான்.
பாஸ்கா இரவில் எலியாவுக்கு ஒரு கோப்பை ஊற்றி
கதவைத் திறந்து வைப்போம்.
எங்கள் வீட்டில் வழக்கமாக வருவது பூனை.’

அப்போது முனையில் திரும்பியது
பனியடிமை அண்ணனின் வள்ளம்.
‘சூரை கிடைத்திருக்கு’ என்றேன்.
‘மீன் தெரிகிறதா?’
‘அணியத்தில் ஒட்டுப்போட்ட இடம் தெரியுது.
ஆளைத் தெரியும்.’
‘எனக்கு மணலில் கொட்டட்டும்’ என்றாள்.

ஆனால் வெள்ளிக்கிழமை.
பொழுது சாயுமுன் விடுதியில் விளக்கேற்ற வேண்டுமாம்.
மிச்சக் கிழங்கைத் தாளில் பொதிந்துகொண்டு
படியேறிப் போய்விட்டாள்.

கூடையோடு நான் இறங்கினேன்.
எத்தனை சூரை என்று
நாளை கேட்பாள், இருட்டிய பிறகு,
மூன்று நட்சத்திரம் எண்ணிவிட்டு.