செல்லாது

அஞ்சலகம் வரைக்குமான பதினோரு கிலோமீட்டரில்
பனி தள்ளுவது என் ஒப்பந்தம்.
அதற்கான அரசாங்கக் காசோலையும்
அதே பாதையில்தான் வரவேண்டும்,
லாக்கி ஓட்டும் வெள்ளை வேனில்.

பனி விழுந்தால் வேன் வராது.
வேன் வராவிட்டால் காசோலை வராது.
காசோலை வராவிட்டால்
டீசல்காரர் குழாயை எடுக்கமாட்டார்.
டீசல் இல்லையென்றால்
பனி கிடந்த இடத்தில் கிடக்கும்.
இதை நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது
பிப்ரவரி ஒன்பதாம் தேதி, லாரிக்குள், தனியாக.
சிரிப்பு வந்தது.
சிரித்ததில் முன்கண்ணாடி மூடிக்கொண்டது.

கேப் பிரெட்டனில் இந்த ஓரத்துக்கு
ஒரே ஒரு பனித்தள்ளி.
முர்டினா கிலிஸ்: முதலாளி, ஓட்டுநர், கணக்குப்பிள்ளை,
ஏச்சு வாங்குகிறவளும் நானே.

நேரடி வரவு என்றார்கள். கணக்கிலேயே விழுந்துவிடுமாம்.
ஐம்பத்திரண்டு நிமிடம் வயலின் கேட்ட பிறகு
ஷோஸ்லின் என்ற குரல் வந்தது,
குளிரே தெரியாத குரல்.
வணிக எண் சொல்லுங்கள். சொன்னேன்.
கிளைக்கு ஐந்து இலக்கம், வங்கிக்கு மூன்று. சொன்னேன்.
போன ஆண்டு வரித்தாளில் நூற்றைந்தாம் வரி?
வண்டியை ஓரங்கட்டித் தேடிச் சொன்னேன்.
"பெயர் ஒத்துப்போகவில்லையே, அம்மணி.
எங்களிடம் கிலிஸ் பனியகற்றல்.
வங்கியில் கிலிஸ் உடன்பிறப்புகள்."

உடன்பிறப்பு ஆறு வருடமாக
ஆல்பெர்டாவில் எண்ணெய் மணல் அள்ளுகிறான்.
கலப்பைத் தகட்டுக்கு யார் காசு கொடுத்தது என்பதில்
பேச்சு நின்றுபோனது.
தகடு அதற்குள் இரண்டு முறை தேய்ந்து மாறிவிட்டது.

கூட்டுறவு வங்கியில் வில்மா
படிவத்தை என் பக்கம் தள்ளினாள்:
அவன் கையெழுத்து இங்கே.
அப்புறம் ஒரு காசோலையை எடு,
குறுக்கே 'செல்லாது' என்று பெரிதாக எழுது.
பணம் வந்து சேர
எங்கும் செல்லாத தாள் ஒன்று வேண்டுமாம்.
நூற்று எழுபத்திரண்டாம் தாள்.
கோபத்தில் எழுதியதில் அடுத்த தாளிலும் அழுந்திவிட்டது.
அந்த வாரம் உப்புக்காரருக்கு அதைத்தான் கொடுத்தேன்.
ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
மடித்துப் பையில் வைத்தார்.

டூகல்ட் எடுத்தது ஏழாவது மணிக்கு.
நான் படிவம் என்றேன்.
அவன் காற்று எப்படி என்றான்.
வடகிழக்கு என்றேன்.
அப்படியென்றால் மெக்ராய் வளைவில் குவிந்திருக்குமே,
இடது பக்கமாக ஏறு என்றான்.
எனக்குத் தெரியாதா என்றேன்.
தெரியும் என்றான்.
அனுப்பு, போட்டுத் தருகிறேன்.
வேறொன்றும் பேசவில்லை.
கையெழுத்து மறுநாள் போனிலேயே வந்தது,
விரலால் போட்டது, கோணலாக,
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி.

மார்ச் மூன்று, அதிகாலை நாலேகால்.
வளைவில் இடது பக்கமாக ஏறிக்கொண்டிருந்தேன்.
போன் ஒருமுறை துடித்தது.
மூவாயிரத்து நூற்றெண்பது டாலர், அறுபது சென்ட்.
வேனும் இல்லை, உறையும் இல்லை,
யாருடைய நாவும் ஒட்டாத பணம்.
நிறுத்தவில்லை. நிறுத்தினால் மேடு விடாது.

ஒன்பது மணிக்கு அஞ்சலக வாசலில்
லாக்கி ஒரே ஒரு உறையோடு நின்றான்.
அரசாங்க முத்திரை.
இனி உங்களுக்கான தொகை
அஞ்சலில் அனுப்பப்படமாட்டாது
எனத் தெரிவித்துக்கொள்கிறோம்.
எட்டு நாள் தாமதம். பனியாம்.

"அப்போ இனி நான் உனக்கு எதுக்கு?" என்றான்,
பாதி விளையாட்டாக.
உப்பு பில் வரும் லாக்கி,
டயர் பில் வரும்,
அதெல்லாம் இன்னும் நடந்துதான் வருகிறது என்றேன்.
அவன் வேனுக்குப் பின்னால்
மறுபடி விழத் தொடங்கியிருந்தது.
தகட்டை இறக்கினேன்.