கரடி காசு வாங்கும் முறை

பிள்ளைகள் பார்க்கிற தூரத்தில்
தலையைக் கழற்றக் கூடாது.
கேக் வெட்டி, கரண்ட் போய் வந்து,
யதுமிகா என் வயிற்றில் முகம் புதைத்து
'அம்மா, கரடிக்கு வேர்க்குது' என்ற பிறகும் கூடாது.
கரடி கதைக்கவும் கூடாது.

காசு கேட்கிறது கஜீபனின் வேலை.
ஸ்பீக்கரும் வாயும் அவனிடம்தான்.
கேட்கிறதென்றால்,
வயரைச் சுருட்டுவான், அவிழ்ப்பான்,
திரும்பவும் சுருட்டுவான்.
வீட்டுக்காரருக்கு விளங்கிவிடும்.

வாங்கின இடத்தில் நின்று எண்ணக் கூடாது.
இந்தக் கையுறையோடு எண்ணவும் ஏலாது.

விசுவமடுவில் அன்றைக்கு
சோற்றுப் பார்சலோடு அவன் ஓட்டோவுக்குப் போய்விட்டான்.
தவரூபன் அண்ணை
மாட்டுக்கொட்டிலடிக்கு என்னைக் கூப்பிட்டார்.
சேட்டின் வலது கையை மடித்து ஊசி குத்தியிருந்தது.
'இடக்கையால தாறன் தம்பி,
குறை நினைக்காதையும்.'

உள்ளே எனக்கு மூக்கு ஒழுகியது,
துடைக்க வழியில்லை.
கரடிக்கு எது வலக்கை என்று
தைத்தவனுக்கே தெரியாது,
இரண்டையும் ஒரே அளவில் வெட்டியிருக்கிறான்.
இரண்டையும் நீட்டினேன்.

தருமபுரம். பூட்டப்போகிற கடையொன்றின் வெளிச்சம்.
பேசியது ஐயாயிரம்.
இருந்தது நாலாயிரத்து முந்நூறு,
நூறு ரூபாய்த் தாள்களில் நெல்லுச் சுணை.
கஜீபன் போனை எடுத்தான்.

'நான்தான் குறைச்சனான்.'

'கரடி கதைச்சதோ?'

மடியில் கிடந்த தலை
வழமைபோலச் சிரித்துக்கொண்டிருந்தது.